எங்க வீட்டுல யாருக்கும் அந்த மாதிரி இல்லீங்க

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாவதுக்கு அப்புறம் உயிரியல் புத்தகத்தைத் தொட்டவனும் இல்லை. பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ். பகல்ல ஆபீஸ்ல ஆணி பிடுங்கறது, ராத்திரி தூக்கம் வராம எதையாவது மேயறது. இந்த வாரம் சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சு அடுத்த வாரம் வரவும் :-)

கல்யாணப் பேச்சுல ஜாதகம், சம்பளம், சொந்த வீடா வாடகையா, ஆன்சைட் போவாரா எல்லாம் கேட்டு முடிச்ச பிறகு, காபி டம்ளரைக் கீழ வைக்கிற நேரத்துல குரலைத் தாழ்த்திக் கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு. "குடும்பத்துல யாருக்கும் அந்த மாதிரி ஏதும்..." அவ்வளவுதான். வாக்கியம் முடியாது. சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கான்னு கேக்க யாரும் குரலைத் தாழ்த்தறதில்லை. 'அந்த மாதிரி'ன்னா மனசு சம்பந்தப்பட்டதுன்னு கேக்கறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். பதிலும் ரெடியா இருக்கும். "சேச்சே, எங்க வீட்டுல யாருக்கும் அந்த மாதிரி இல்லீங்க."

இந்தக் கேள்விக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு. உலகத்துல ரெண்டு வகைக் குடும்பம் உண்டு, ஒண்ணு 'அது' ரத்தத்துல ஓடற குடும்பம், இன்னொண்ணு சுத்தமான குடும்பம்னு. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரின்னு வாழ்நாள் முழுக்க எண்ணி எண்ணிப் பாத்த ஒரு மனுஷரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பேர் இர்விங் காட்டெஸ்மன். அமெரிக்க உளவியலாளர். 1930ல பொறந்து 2016ல காலமானார். மனநோய்க்கும் பரம்பரைக்கும் என்ன தொடர்புங்கறதுல இவர் பேரைச் சொல்லாம யாரும் பாடம் நடத்த முடியாது. ஆனா தமிழ்ல இவரைப் பத்தி நான் படிச்சதே இல்லை.

எனக்கு எதுக்கு இந்த மேட்டர்னு கேட்டா, கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எனக்கு ஒரு சித்தப்பா இருக்கார். அப்பாவுக்கு நேர் இளையவர். முசிறிப் பக்கம் எங்க ஊர். பாலிடெக்னிக் கடைசி வருஷம் படிக்கறப்ப, ரேடியோவுல தன்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கார். முதல்ல ரேடியோவைத் தூக்கிப் பரண்ல போட்டாங்களாம். அப்புறம் குணசீலம், ஒரு மண்டலம். அதுக்கும் அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மனச்சிதைவு நோய்னு சொன்னாங்க. இங்கிலீஷ்காரன் ஸ்கிசோஃப்ரினியாங்கறான்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். 2005ல வந்த 'அந்நியன்' படத்துல விக்ரமுக்கு இருந்தது இது இல்லை. அது ஒரு ஆளுக்குள்ள பல ஆளுங்க. மனச்சிதைவுல ஆள் ஒருத்தர்தான். இல்லாத குரல் காதுல விழும். நடக்காத ஒண்ணு நடக்குதுன்னு அசைக்க முடியாம நம்புவாங்க. பேச்சு கோர்வை தப்பும். நாளாக ஆக எதுலயும் ஒட்டுதல் இல்லாம ஒதுங்கிப் போயிடுவாங்க. நூறு பேருக்குக் கிட்டத்தட்ட ஒருத்தர் கணக்குல, எல்லா நாட்டுலயும் இருக்கு.

சித்தப்பாவுக்கு மாசம் ஒரு ஊசி, ராத்திரி ஒரு மாத்திரை. தோட்டத்துல கனகாம்பரத்துக்குத் தண்ணி விடுவார். பேப்பரை முதல் எழுத்துல இருந்து அச்சிட்டவர் பேர் வரைக்கும் சத்தமாப் படிப்பார். எனக்கு லாகரிதம் டேபிள் பாக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். வீட்டுக்கு யாராவது சம்பந்தம் பேச வந்தா மட்டும் அவர் ஒரு வாரம் அத்தை வீட்டுல இருப்பார். யாரும் அவரைப் போகச் சொல்ல மாட்டாங்க. அவரே பையை எடுத்து வெச்சுக்குவார்.

இதுல பாவம் எங்க அப்பாயிதான். "கடைசிப் பையன்னு செல்லம் குடுத்தே கெடுத்துட்டா"ன்னு பாதி ஊர் சொல்லும். "அவ பொறந்த வீட்டு ரத்தம் அப்படி"ன்னு மீதி ஊர் சொல்லும். ரெண்டையும் காதுல வாங்கிக்கிட்டே அப்பாயி போய்ச் சேர்ந்தாங்க. வளர்ப்பு, ரத்தம் ரெண்டுக்கும் குற்றவாளி ஒரே ஆள். ரொம்ப சௌகரியமான தீர்ப்பு.

படிக்கப் படிக்கத் தெரிஞ்சது என்னன்னா, எங்க ஊர் திண்ணையில சொன்ன இந்த ரெண்டு தீர்ப்பையும் பெரிய பெரிய படிப்பாளிங்க ஏற்கனவே சொல்லி முடிச்சிருக்காங்க.

முதல்ல ரத்தம். ஜெர்மனியில மியூனிக் நகரத்துல எர்ன்ஸ்ட் ரூடின்னு ஒரு மனநல மருத்துவர். 1916ல, மனச்சிதைவு வந்தவங்களோட கூடப் பிறந்தவங்களை எண்ணிப் பாத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். மெண்டலோட பட்டாணிச் செடிக் கணக்கு மாதிரி நாலுல ஒண்ணுன்னு ஏதாவது அழகா வரும்னு எதிர்பார்ப்பு. வரலை. எண்ணிக்கை அதை விட ரொம்பக் கம்மி. கணக்கு ஒத்து வரலைன்னாலும் நம்பிக்கை போகலை. 1933ல நாஜி அரசு 'பரம்பரை நோயாளிகள்' குழந்தை பெத்துக்கக் கூடாதுன்னு கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டப்ப, அதுக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதினவங்கள்ல ரூடினும் ஒருத்தர். அந்தச் சட்டத்தோட பட்டியல்ல மனச்சிதைவும் இருந்துச்சு. சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாய ஆபரேஷன். 1939ல இருந்து மனநோயாளிகளைக் கொல்லவே ஆரம்பிச்சாங்க.

அப்புறம் வளர்ப்பு. போருக்குப் பின்னாடி ரத்தம்ங்கற வார்த்தையைச் சொல்லவே எல்லாரும் கூசினாங்க. அமெரிக்காவுல ஃப்ரீடா ஃப்ரோம்-ரெய்க்மன்ங்கற மருத்துவர் 1948ல 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்'னு ஒரு சொல்லைப் புழக்கத்துல விட்டார். அம்மா பாசம் காட்டினா ஒரு தப்பு, காட்டலைன்னா இன்னொரு தப்பு. இருபது முப்பது வருஷத்துக்கு அமெரிக்க அம்மாக்கள் ஆயிரக்கணக்குல, பிள்ளையைக் கெடுத்த பாவியா டாக்டர் முன்னாடி தலைகுனிஞ்சு உக்காந்தாங்க. எங்க அப்பாயி மாதிரியே.

இந்தச் சூழ்நிலையிலதான் காட்டெஸ்மன் வர்றார். யூதக் குடும்பம். பெத்தவங்க கிழக்கு ஐரோப்பாவுல இருந்து அமெரிக்கா வந்தவங்க. கடற்படையில இருந்துட்டு, மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல 1960ல முனைவர் பட்டம் வாங்கினார். அப்புறம் லண்டன் போனார். அங்க மாட்ஸ்லி மருத்துவமனையில எலியட் ஸ்லேட்டர்னு ஒருத்தர். இந்த ஸ்லேட்டர் 1930கள்ல மியூனிக் போய் அதே ரூடினோட நிறுவனத்துல படிச்சவர். அங்க அவர் சந்திச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டது யூதக் குடும்பத்துல பிறந்த ருஷ்யப் பெண்ணை, எழுத்தாளர் போரிஸ் பாஸ்டர்நாக்கோட தங்கை லிடியாவை. ரூடின்கிட்ட இருந்து எண்ணுற முறையை மட்டும் எடுத்துக்கிட்டார், கொள்கையை அங்கயே விட்டுட்டு வந்துட்டார். ஒரு காலத்துல தன்னை மாதிரி ஆளுங்களையே அழிக்கக் கிளம்பின துறைக்குள்ள, ஒரு யூதர் தெரிஞ்சே நுழையறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்லேட்டர் 1948ல இருந்து ஒரு எளிமையான வேலை செஞ்சு வெச்சிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "நீங்க இரட்டையரா?"ன்னு கேட்டு ஒரு பதிவேட்டுல எழுதறது. அவ்வளவுதான். பதினாறு வருஷம் விடாம எழுதினாங்க. காட்டெஸ்மனும் ஜேம்ஸ் ஷீல்ட்ஸும் அந்தப் பதிவேட்டைப் பிரிச்சு, ஒருத்தருக்காவது மனச்சிதைவு இருக்கற 57 இரட்டையர் ஜோடியைத் தேடிப் பிடிச்சாங்க. 24 ஜோடி ஒரே கரு இரட்டையர், அதாவது ஜீன்ல நகலெடுத்த மாதிரி. 33 ஜோடி இரு கரு இரட்டையர், அதாவது ஒரே நாள்ல பிறந்த சாதாரண அண்ணன் தம்பி, அக்கா தங்கை.

1966ல வந்த முடிவு: ஒரே கரு ஜோடிகள்ல, ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கும் வந்தது 24ல 10. இரு கருவுல 33ல 3.

இந்த ரெண்டு எண்ணையும் ஒண்ணா வெச்சுப் பாக்கணும். 42 சதவீதத்துக்கும் 9 சதவீதத்துக்கும் இருக்கற இடைவெளி, ஜீனுக்குப் பங்கு இருக்குன்னு சொல்லுது. ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே சாப்பாடு; அம்மா வளர்ப்புதான் காரணம்னா ரெண்டு வகை ஜோடிக்கும் எண் ஏன் இவ்வளவு மாறணும்? ஆக 'தாய்தான் காரணம்' கேஸ் அங்கயே தள்ளுபடி. அதே சமயம் இன்னொரு எண்ணும் இருக்கு. 24ல 14 ஜோடியில, அச்சு அசலா அதே ஜீனை வெச்சுக்கிட்டிருந்த இன்னொருத்தருக்கு மனச்சிதைவு வரலை. ரத்தம்தான் விதின்னா அந்த 14 பேரை எங்க கொண்டு போய் வைக்கிறது?

1967ல காட்டெஸ்மனும் ஷீல்ட்ஸும் இதுக்கு ஒரு விளக்கம் சொன்னாங்க. எடின்பரோவுல டக்ளஸ் ஃபால்கனர்னு ஒரு மரபியலாளர் ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட ஒரு கணக்கை எடுத்து மனச்சிதைவுக்குப் பொருத்தினாங்க. நம்ம பாஷையில சொல்றேன்.

ஒரு சர்வர் படுத்துடுச்சுன்னு வைங்க. மேனேஜர் ஓடி வந்து "எந்த லைன்ல பக்?"னு கேப்பார். சில சமயம் நிஜமாவே ஒரு லைன்தான் காரணமா இருக்கும். ஆனா பல சமயம் அப்படி ஒரு லைனே இருக்காது. ஆயிரம் செட்டிங், ஒவ்வொண்ணும் ஒரு துளி லோடு ஏத்துது. எல்லாமே தனித்தனியாப் பாத்தா பரவால்ல ரகம்தான். அது மேல வெளியில இருந்து வர்ற டிராஃபிக். கூட்டுத்தொகை ஒரு கோட்டைத் தாண்டுச்சுன்னா சர்வர் படுத்துடும், தாண்டலைன்னா யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரே இமேஜ்ல இருந்து எடுத்த ரெண்டு சர்வர்ல ஒண்ணு படுக்கும், ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். ஓடறது 'நல்ல சர்வர்' ஆயிடுமா?

காட்டெஸ்மன் சொன்னதும் இதுதான். மனச்சிதைவுக்குன்னு ஒரு ஜீன் கிடையாது. ஏகப்பட்ட ஜீன்கள், ஒவ்வொண்ணும் துளித்துளியா. எல்லார்கிட்டயும் அதுல கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. சிலர்கிட்ட கொஞ்சம் கூடுதலா சேர்ந்திருக்கு. அதுக்கு மேல வாழ்க்கை ஏத்தற சுமை. 1944-45 குளிர்காலத்துல, ஜெர்மன் படை உணவை முடக்கி நெதர்லாந்து பட்டினி கிடந்தப்ப கருவுல உருவான குழந்தைங்களுக்குப் பின்னாடி மனச்சிதைவு வர்ற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்கா இருந்துச்சு. அது அந்த அம்மாக்களோட தப்பா?

அன்னைக்கு இதை நிரூபிக்க வழியே இல்லை. டிஎன்ஏவைப் படிக்கவே தெரியாத காலம். வெறும் பென்சில், பேப்பர், இரட்டையர் பதிவேடு.

1991ல காட்டெஸ்மன் ஒரு புத்தகத்துல, ஐரோப்பாவுல பல பத்தாண்டுகளா நடந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பெருக்கி ஒரு அட்டவணை போட்டார். மனநல மாணவர்கள் எல்லாரும் பாத்திருக்கற அட்டவணை. மனச்சிதைவு வந்தவருக்கு நீங்க என்ன உறவோ, உங்களுக்கு வர்ற வாய்ப்பு இவ்வளவு. யாரோ ஒருத்தர்னா 1 சதவீதம். கூடப் பிறந்தவர் 9. பெத்த பிள்ளை 13. ஒரே கரு இரட்டையர் 48. அண்ணன் தம்பி பிள்ளைகள் 4. அதே புத்தகத்துல இன்னொரு தகவல்: மனச்சிதைவு வந்தவங்கள்ல சுமார் 63 சதவீதம் பேருக்கு, விசாரிச்சவரைக்கும் நெருங்கின சொந்தத்துல யாருக்குமே அது கிடையாது.

இந்தக் கடைசி வரியை நான் நாலு தடவை படிச்சேன். சம்பந்தம் பேசறப்ப குரலைத் தாழ்த்திக் கேக்கறோமே, அந்த வடிகட்டியில பாதிக்கு மேல ஓட்டை. "எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்க"ன்னு மனசாட்சியோட உண்மையைச் சொல்ற வீடுகள்ல இருந்துதான் பெரும்பாலான நோயாளிங்க வர்றாங்க.

அடுத்து டென்மார்க். என்னை உலுக்கினது இந்த ஆய்வுதான். அங்க மார்கிட் ஃபிஷர்ங்கறவர் முன்னமே ஒரு இரட்டையர் பட்டியல் எடுத்து வெச்சிருந்தார். ஒருத்தருக்கு மனச்சிதைவு வந்து இன்னொருத்தருக்கு வராத ஜோடிகளோட பிள்ளைகள் வளர்ந்து பெரியவங்களாகற வரைக்கும் காத்திருந்து, காட்டெஸ்மனும் அக்செல் பெர்டெல்சனும் 1989ல கணக்கு வெளியிட்டாங்க. ஒரே கரு இரட்டையர்ல நோய் வந்தவரோட பிள்ளைகளுக்கு வாய்ப்பு 16.8 சதவீதம். நோய் வராம நல்லா இருந்தவரோட பிள்ளைகளுக்கு 17.4 சதவீதம். சின்ன எண்ணிக்கைதான், தசமப் புள்ளிக்குப் பின்னாடி ரொம்ப நம்ப வேண்டாம். ஆனா சேதி தெளிவு. ரெண்டும் ஒண்ணுதான். கல்யாணம் காட்சி நடத்தி, வேலைக்குப் போய், நல்லபடியா வாழ்ந்த அந்த இன்னொரு இரட்டையர்கிட்டயும் அதே சுமை இருந்திருக்கு. அவர்கிட்ட அது வெளியே வரவே இல்லை. வீட்டுல சித்தப்பாவை ஒளிச்சு வெச்சிட்டு அப்பாவை 'சுத்தமானவர்'னு காட்டறோமே, அந்த நாடகத்துக்கு உயிரியல்ல இடமே இல்லை.

அதே ஆய்வுல இரு கரு இரட்டையர் கணக்கும் உண்டு. நோய் வந்தவரோட பிள்ளைகளுக்கு 17.4. நல்லா இருந்தவரோட பிள்ளைகளுக்கு 2.1. ஜீன் கணக்குல இரு கரு இரட்டையர்னா சாதாரண அண்ணன் தம்பிதான். அப்ப அந்த 2.1ங்கற வரிசையில நிக்கறது நான். என் தங்கச்சி.

சரி, எதுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டென்மார்க் இரட்டையரோட மல்லுக்கட்டினேன்னா, போன வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். பொண்ணும் ஐ.டி.தான். ரெண்டு மூணு தடவை போன்ல பேசினோம், நல்லாத்தான் போச்சு. நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் நான் சித்தப்பாவைப் பத்திச் சொன்னேன். அவர் எப்படி இருக்கார், என்ன மருந்து, என்னைக்காவது அப்பா அம்மாவுக்குப் பின்னாடி அவரை நான்தான் பாத்துக்கணும்ங்கறது வரைக்கும். அந்தப் பொண்ணு தெளிவா ரெண்டு கேள்வி கேட்டாங்க. "உங்களுக்கு வருமா? நாளைக்கு நம்ம குழந்தைக்கு வருமா?"

கேக்க வேண்டிய கேள்விதான். எனக்கு 4 சதவீதம், அதுலயும் பெரும்பாலும் இருபதுகள்லயே தலைகாட்டற நோய், எனக்கு 28 முடிஞ்சாச்சு. குழந்தைக்குன்னா இன்னும் ஒரு தலைமுறை தள்ளி, அட்டவணையில அவ்வளவு தூரத்து உறவுக்கு 2. யாரோ ஒருத்தருக்கு 1. இப்படித்தான் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எனக்கு ஓகே. நான் அப்பாகிட்ட பேசறேன்"னாங்க.

மூணு நாள் கழிச்சு தரகர்கிட்ட இருந்து போன். ஜாதகம் இன்னொரு இடத்துல காட்டினாங்களாம், பொருந்தலையாம். எட்டுப் பொருத்தம் எங்க போச்சுன்னு யாரும் கேக்கலை.

அப்பா என்கிட்ட ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள், "ஏண்டா, உன்னை யாரு கேட்டா? உனக்கு இது இல்லைன்னா இன்னொண்ணு. தங்கச்சிக்குப் பாக்க ஆரம்பிக்கறப்ப ஊர் பூரா இதுதானடா பேச்சா இருக்கும்?"னார். அப்பா சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. உண்மையைச் சொல்றதுக்கான விலையை நான் மட்டும் கொடுத்தா பரவாயில்லை, பில் தங்கச்சி பேருக்கும் வருது. அந்தப் பொண்ணோட அப்பா மேலயும் எனக்குக் கோபம் இல்லை. அவர் பயந்தார். அவர் கையில இருந்தது 'இருக்கு', 'இல்லை'ங்கற ரெண்டே பெட்டி. சதவீதம் போட அதுல இடம் இல்லை.

அந்த ரெண்டு பெட்டிக் கணக்கை ஒரு தேசமே நடத்திப் பாத்துடுச்சு. 2010ல ஃபுல்லர் டோரி, ராபர்ட் யோல்கன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஜெர்மனிக் கதையைத் திரும்ப எண்ணிப் பாத்தாங்க. மனச்சிதைவு இருந்தவங்கள்ல குறைஞ்சது 2,20,000 பேருக்குக் கருத்தடை பண்ணியோ, கொன்னோ இருப்பாங்கன்னு அவங்க மதிப்பீடு. ரத்தத்துல இருந்து அதை வழிச்சு எறியறதுதான் நோக்கம்னா, அடுத்த தலைமுறையில நோய் காணாமப் போயிருக்கணும். போருக்கு அப்புறம் ஜெர்மனியில புதுசா மனச்சிதைவு வந்தவங்க எண்ணிக்கை குறையவே இல்லை. சொல்லப்போனா எதிர்பார்த்ததை விட அதிகமாவே இருந்துச்சு. மூவாயிரம் வீட்டுல துளித்துளியா இருக்கறதை முப்பது வீட்டை அழிச்சா தீர்த்துட முடியுமா?

அதே 2010ல, கிட்டத்தட்ட 80 வயசுல, காட்டெஸ்மன் இன்னொரு டென்மார்க் ஆய்வோட வந்தார். இந்தத் தடவை நாட்டோட மொத்தப் பதிவேடும் கையில. அம்மா, அப்பா ரெண்டு பேருக்குமே மனச்சிதைவு இருந்த 196 தம்பதிகள், அவங்களுக்கு 270 பிள்ளைகள். நம்ம ஊர் திண்ணையில இதைச் சொன்னா "நூத்துக்கு நூறு வந்துடும்"பாங்க. பிள்ளைகள் 52 வயசு வரைக்குமான வாய்ப்பு 27.3 சதவீதம். ஒருத்தருக்கு மட்டும் இருந்தா 7. ரெண்டு பேருக்கும் இல்லைன்னா 0.86. 27 சின்ன எண் இல்லை, ஒத்துக்கறேன். அந்தக் குடும்பங்களுக்கு நிஜமான உதவி வேணும். ஆனா கூடிப்போனா இவ்வளவுதான்ங்கற மோசமான நிலையில கூட நாலுல மூணு பேருக்குக் கிட்ட அந்த நோய் வரலை.

இடையில ஒரு வார்த்தையைப் பத்தியும் சொல்லணும். செய்தியில "மனச்சிதைவு 80 சதவீதம் பரம்பரை"ன்னு போடுவாங்க. அதைப் படிச்சிட்டு எங்க அத்தை அழுதாங்க. வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா அடுத்தவருக்கு 80 சதவீதம் வரும்னு அதுக்கு அர்த்தம் இல்லை. மக்கள்தொகையில ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல எவ்வளவு பங்கை ஜீன் வித்தியாசத்தோட சேர்த்து விளக்கலாம்ங்கற கணக்கு அது. தனி ஆளோட ஜோசியம் இல்லை. 2018ல வந்த பெரிய டென்மார்க் இரட்டையர் ஆய்வுல இந்தப் பரம்பரைப் பங்கு 79 சதவீதம். அதே ஆய்வுல, ஒரே கரு இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கும் வந்தது 33 சதவீதம். ரெண்டு எண்ணும் ஒரே பேப்பர்ல இருக்கு. முதல் எண்ணை மட்டும் தலைப்பாப் போட்டா பத்திரிகை விக்கும்.

பென்சிலும் பேப்பரும் வெச்சு 1967ல சொன்ன அந்த யூகம் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? நடுவுல கொஞ்ச காலம் எல்லாரும் 'அந்த ஒரு ஜீனை'த் தேடி அலைஞ்சாங்க. அப்பப்ப "கண்டுபிடிச்சாச்சு"ன்னு அறிவிப்பு வரும், அடுத்த ஆய்வுல காணாமப் போகும். 2009ல ஒரு பெரிய சர்வதேசக் குழு, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மரபணு வித்தியாசங்கள் சேர்ந்துதான் வேலை செய்யுதுங்கறதுக்கு டிஎன்ஏவுலயே சாட்சி காட்டுச்சு. 2014ல மரபணுத் தொகுதியில 108 இடம். 2022ல 76,755 நோயாளிகளை வெச்சுப் பாத்தப்ப 287 இடம். ஒவ்வொண்ணோட பங்கும் துளிதான். காட்டெஸ்மனுக்கு 108 வரைக்கும் பாக்கக் கொடுத்து வெச்சிருந்தது.

இந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்கள்தான். நம்ம பக்கமும் ஒரு சின்ன வெளிச்சம் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984ல சென்னையில ஆரம்பிச்ச ஸ்கார்ஃப் அமைப்பும் ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, இந்தியக் குடும்பங்கள்ல எடுத்த மரபணு ஆய்வு ஒண்ணு 2019ல வந்துச்சு. பி3 வைட்டமினை உடம்பு கையாளற வழியோட சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் பக்கம் அது கை காட்டுது. இது மருந்து இல்லை, ஒரு தடயம். யாரும் வைட்டமின் மாத்திரை வாங்க ஓடாதீங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட இந்த அட்டவணையைக் காட்டினேன். ரிடையர்டு கணக்கு வாத்தியார் அவர், எண்ணுன்னா ஒரு மரியாதை உண்டு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார். 'கூடப் பிறந்தவர் 9'ங்கற இடத்துல விரல் நின்னுச்சு. "அப்ப எனக்கும் வந்திருக்கலாம்"னார். "வந்திருக்கலாம்ப்பா. உங்ககிட்டயும் அதுல பாதியாவது இருக்கும். எனக்கும் கொஞ்சம் கொடுத்திருப்பீங்க"ன்னேன். சிரிக்கலை. ரொம்ப நேரம் கழிச்சு, "எங்கம்மாவை அவ்வளவு பேசினாங்களேடா"ன்னு மட்டும் சொன்னார். அப்பாயியைப் பத்தி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

தங்கச்சி விஷயத்துல இன்னும் முடிவு எடுக்கலை. அவ என்ன சொல்றாளோ அதுதான், அவளோட வாழ்க்கை. இப்போதைக்கு அவ போட்டிருக்கற நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. பொண்ணு பாக்க யார் வந்தாலும் சித்தப்பா வீட்டுல இருக்கணும், பையை எடுக்கக் கூடாது. அப்பா சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை.

இதைப் படிக்கற உங்கள்ல பல பேர் வீட்டுல, ஏதோ ஒரு சொந்தத்துல, அத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கப்படற ஒருத்தர் இருப்பார். நூத்துக்கு ஒருத்தர்ங்கற கணக்குப்படி இருந்தே ஆகணும். நாளைக்கு நீங்க பெண் எடுக்கவோ கொடுக்கவோ உக்காரும்போது அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கேக்கறது தப்பில்லை. முழு வாக்கியமாக் கேளுங்க. "யாருக்காவது இருக்கா"ன்னு கேட்டு 'ஆமா'ன்னு பதில் வந்தா, எழுந்து போறதுக்கு முன்னாடி "அவரை எப்படிப் பாத்துக்கறீங்க"ன்னும் ஒரு கேள்வி கேளுங்க. ஒரு குடும்பத்தைப் பத்தி ஜீனை விட அந்தப் பதில் நிறையச் சொல்லும்.

பி.கு. 1: இதெல்லாம் கூட்டத்தோட சராசரி எண்கள். உங்க வீட்டு நிலைமைக்கு மனநல மருத்துவர்தான் பேச முடியும், நான் இல்லை.

பி.கு. 2: யாருக்காவது உதவி வேணும்னா மத்திய அரசு 2022ல ஆரம்பிச்ச டெலி மானஸ் எண் 14416. இலவசம். தமிழ்லயே பேசலாம். குரலைத் தாழ்த்தணும்னு அவசியம் இல்லை.